சீலர் அடித்த மார்பிளும் அமிலமும்

“வாஷ்பேசின் மேடைக்கு மார்பிள் போட்டு சீலர் அடித்துவிட்டால் எதுவும் ஆகாது” என்று சொல்வது பாதிதான் சரி. எண்ணெய், தலைச்சாயம் போன்றவை கல்லுக்குள் சட்டென்று ஊறாமல் சீலர் என்கிற இந்தப் பூச்சு தடுக்கும். அமிலத்தை அது தடுக்காது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரோ டாய்லெட் கிளீனரோ பட்டால் மேற்பரப்பே கொஞ்சம் கரைந்து பாலிஷ் போய்விடும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், பாட்டில் வைத்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது கறை இல்லை, எவ்வளவு துடைத்தாலும் போகாது. திரும்ப பாலிஷ்தான் போட வேண்டும். இந்த விஷயத்தில் கிரானைட் எவ்வளவோ மேல். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லுக்கு சீலரே வேண்டாம், ஆனால் அதில் ரெசின் (பிளாஸ்டிக் மாதிரியான பிசின்) இருக்கிறது, அதற்குச் சூடு ஆகாது. சூடான ஹேர் ஸ்ட்ரெய்ட்னரை அப்படியே அதன்மேல் வைத்துவிடாதீர்கள்.