நெடுஞ்சாலை 17இல் கை காட்டுகிறவர்கள்

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடைக்குள் போய், முன்பின் தெரியாத ஒருவருக்குக் கை காட்டிப் பாருங்கள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். இல்லையென்றால், காப்புறுதி விற்க வருகிறான் என்று நினைத்து முருங்கைக்காய்ப் பக்கம் நகர்ந்துவிடுவார். ஆனால் சுப்பீரியர் ஏரிக்கரையோரம் நெடுஞ்சாலை 17இல் என் பழைய போலர் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போனால், எதிரே இன்னொரு போலரோடு வருகிற மனிதர் விளக்கை மின்னுகிறார், கை காட்டுகிறார், பக்கத்தில் தூங்குகிற மனைவியையும் தட்டி எழுப்பிக் கை காட்ட வைக்கிறார். அந்த ஆளை நான் வாழ்க்கையில் மறுபடி பார்க்கப் போவதில்லை. இந்த வித்தியாசம் எதனால் என்று பல கோடைகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: போலர் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போய் உள்ளே தங்குகிற சின்னக் காம்பிங் ட்ரெய்லர். 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் மலக்குழித் தொட்டி வடிவமைத்தவர் அவர். தொட்டியை அப்படிப் பாரமில்லாமல் செய்ய முடியுமென்றால் ட்ரெய்லரையும் செய்யலாமே என்று யோசித்திருக்கிறார். (இந்தக் கதையை விருந்தினருக்கு உள்ளே வைத்துத் தேநீர் கொடுத்த பிறகுதான் சொல்வேன்.) மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியே அச்சில் வார்த்து இடுப்பில் பொருத்திவிடுவார்கள். 13 அடி நீளம், எடை 1000 இறாத்தலுக்குள். சின்னக் காரே இழுத்துவிடும். உருண்டையான பௌலர் தொப்பியைப் பார்த்துப் பெயர் வைத்தார்களாம். சனம் சொல்வதென்னவோ முட்டை என்றுதான். 1988 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் வந்தன, அதில் ஒரு பங்கு வட ஒன்ராறியோவில் ஏர்ல்ரன் என்ற ஊரிலும் செய்யப்பட்டது. அதோடு சரி. இன்றைக்குத் தெருவில் ஓடுகிற போலர் எல்லாம் நாற்பதைத் தாண்டியவை, அல்லது தாண்டப் போகிறவை.

அரைக் கிலோமீட்டர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். யன்னலைப் பார்க்கத் தேவையில்லை, அந்த இடுப்புக் கோடு போதும். என் மகள் எட்டு வயதிலேயே இதில் தேறிவிட்டாள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், முட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் இருக்கின்றன. மினசோட்டாவில் பாக்கஸ் என்ற சின்ன ஊரில் இன்னமும் செய்யப்படுகிற ஸ்காம்ப் போலரின் வழிவந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்ராறியோவின் பூவின் பெயரைக் கொண்ட ட்ரிலியம் கொஞ்சம் சதுரமாக இருக்கும். இவர்களுக்குக் கை காட்டுவதா இல்லையா? எங்கள் காரில் இது பெரிய விவாதம். ஸ்காம்ப்புக்கும் ட்ரிலியத்துக்கும் காட்டலாம், வெள்ளைப் பெட்டி ட்ரெய்லருக்குக் காட்டத் தேவையில்லை என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மேன்முறையீடு கிடையாது.

வெள்ளி நிறத்தில் மின்னுகிற ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர்காரர்களின் முறை வேறு. அந்தக் கம்பனியைத் தொடங்கிய வாலி பையம், வண்டி விற்றதோடு நிற்காமல் ஊர்வலங்களும் நடத்தியவர். 1959இல் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ட்ரெய்லர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களின் சங்கம் பிறந்ததும் எங்கள் கனடாவில்தான், 1955இல் நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில்லில். உறுப்பினர் எண்ணைச் சிவப்புப் பெரிய எழுத்தில் வண்டியின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள். எண்ணை வைத்து உள்ளே இருப்பவர் யாரென்று மற்ற உறுப்பினர் கண்டுபிடித்துவிடலாம். தெரிந்த உறுப்பினர் வீட்டு வாசலில் இரவு வண்டியை நிறுத்திக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எனக்கு அதில் ஒரு கிளப் வாசம் அடிக்கிறது. அவர்கள் முட்டைக்குக் கை காட்டி நான் அதிகம் பார்த்ததில்லை. நாங்களும் வெள்ளைப் பெட்டிக்குக் காட்டுவதில்லை என்பதால் இதைப் பெரிதாக நீட்டாமல் விடுகிறேன்.

கை காட்டுவது வெறும் முகவுரை. உண்மையான கதை இடத்தில் போய் நிறுத்திய பிறகுதான் தொடங்கும். சுப்பீரியர் ஏரிக்கரை அகவா பே போன்ற ஒரு காம்பிங் இடத்தில் வண்டியை மட்டப்படுத்தி, கால்களை இறக்கி, அடுப்பைப் பற்றவைப்பதற்குள் கையில் கோப்பிக் கோப்பையோடு ஒருவர் வந்து நிற்பார். முதல் கேள்வி, "எந்த வருஷம்?" இரண்டாவது, "யன்னல் ரப்பர் மாற்றிவிட்டாயா?" மூன்றாவது கேள்விக்கு முன்னால் ஆள் முழங்காலில் நின்று உள்ளே ரிவெட் ஆணிகளை எண்ணத் தொடங்கியிருப்பார்.

இந்த ரிவெட் விஷயம் முக்கியம். உள்ளே இருக்கிற அலுமாரிகள் எல்லாம் ஃபைபர்கிளாஸ் சுவரைத் துளைத்து ரிவெட் அடித்துத்தான் தொங்குகின்றன. வெளியே ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி. ஐம்பது வருடம் தெருவில் குலுங்கினால் எந்த ரிவெட்டும் தளரும். மூடி வெயிலில் வெடிக்கும், ரப்பர் காயும், மழைத்தண்ணீர் வழி தேடிக்கொள்ளும். உள்ளே சுவரில் ஒட்டியிருக்கிற மெத்து மெத்தென்ற பஞ்சுத் தோலுக்குப் பின்னால் போன தண்ணீர் எங்கே வெளியே வருமென்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் ஒழுகினால் பின்னால் ஈரம் தெரியும். செய்த கம்பனி இப்போது இல்லை. உதிரிப்பாகத்துக்குத் தொலைபேசி எடுக்க ஒரு இடம் கிடையாது. அப்படியென்றால் இந்த நோய்க்கு வைத்தியம் தெரிந்தவர் யார்? அதே நோயோடு இன்னொரு வண்டி வைத்திருப்பவர் மட்டும்தான்.

அந்தக் கை காட்டலுக்குப் பின்னால் இருப்பது இந்தத் தேவைதான் என்று நான் நினைக்கிறேன். பிராண்ட் பெருமை, பழைய பொருள் மீது காதல் என்று பலர் எழுதுகிறார்கள், அதெல்லாம் மேல்பூச்சு. தண்டர் பே பக்கத்து ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் ஒரு பின்னேரம் முழுக்க என் வண்டிக்குக் கீழே படுத்துக்கிடந்து, அடிச்சட்டத்தில் எங்கே வெடிப்பு வரும் என்று டோர்ச் அடித்துக் காட்டினார். போகும்போது ஒரு பை நிறைய ரிவெட் மூடிகளைத் தந்தார். என் பெயரைச் சரியாகச் சொல்ல அவருக்குக் கடைசி வரை வரவில்லை. வண்டியின் பிரச்சினை மட்டும் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 2018இல் வின்னிபெக்கில் போலரின் ஐம்பதாவது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் திரண்டன. கம்பனியே இல்லாத ஒரு பொருளுக்கு அத்தனை பேர் அத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போனது படம் எடுக்க மட்டும் இருக்காது. ஒருவர் வண்டிக்குள் மற்றவர் தலையை விட்டுப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

இனி எங்கள் கதைக்கு, ஈழத்தமிழர் கதைக்கு, வருகிறேன். வெளியில் நம் ஆட்களைக் கண்டால் எங்கள் முதல் கேள்வி, "ஊரில எவடம்?" (எந்த இடம்?) பதில் வந்ததும், "அங்க எந்தப் பக்கம்?" கோயிலடியா, சந்தியடியா, கடற்கரைப் பக்கமா. அதற்கும் பதில் வந்தால், "ஆற்ற மகன்?" (யாருடைய மகன்?) மூன்று கேள்விக்குள் எதிரே நிற்பவரை எங்கே வைப்பது என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடும். சாதி என்ற சொல் வாயில் வராது, வரத் தேவையுமில்லை. பலர் முருங்கைக்காய்ப் பக்கம் நகர்வது காப்புறுதிக்காரருக்குப் பயந்து மட்டுமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். போரில் சிதறிப்போன சனத்துக்கு அதே "எவடம்" தான் தொலைந்த சித்தியையும், கூடப் படித்தவனையும், பக்கத்து வளவுக்காரரையும் கண்டுபிடித்துத் தந்தது. ரொறன்ரோவில் பஸ் தரிப்பிடத்தில் தொடங்கிய அந்தக் கேள்வி கல்யாண வீடு வரை போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் கேள்வியையே தூக்கி எறி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முட்டைக்காரரின் "எந்த வருஷம்?" அடுத்ததாக உதவிக்குப் போகிறது, எங்கள் "எவடம்?" அடுத்ததாகத் தரம் பிரிக்கப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

முட்டைக்காரர்களைத் தேவர்களாக்கவும் நான் தயாரில்லை. அந்த அன்பு மலிவு. தெருவில் கை காட்டுகிறவர் என் பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் கடன் தரப் போவதில்லை. செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வருவது எங்கள் ஆட்கள்தான். முட்டைக்காரர்களுக்குள்ளும் தரம் உண்டு. உள்ளே எதையும் மாற்றாமல் வைத்திருப்பவர், எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பலகை போட்டவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்பப்பா. இன்னொன்று. ஒரு முறை ஒரு பெரியவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாடகைக்கு எடுத்தாயா?" என்று கேட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பக்கத்து இடத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம் அவர் "எந்த வருஷம்?" என்றுதான் கேட்டார். நான் யன்னல் ரப்பரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் கதைத்தோம். அந்த முதல் கேள்வியை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் காம்பிங் போவது இப்போது எவ்வளவோ கூடிவிட்டது. ஒன்ராறியோ பார்க்ஸ் என்ற மாகாணப் பூங்காக்களின் முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே காலை 7 மணிக்குத் திறக்கும்போது போட்டி போடுகிறவர்களில் பாதிப்பேர் என் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது போல ஒரு எண்ணம். எல்லாரும் பத்துக் குடும்பம் சேர்ந்து, கூடாரங்களோடு, கொத்துரொட்டித் தகட்டோடு. அதில் தனிச் சுகம் உண்டு, நானும் போகிறேன். ஆனால் அங்கே பக்கத்து இடத்துக்காரருக்கு எங்களிடம் வந்து கேட்க ஒன்றுமில்லை, எங்களுக்கும் அவரிடம் போக அவசியமில்லை. முட்டையோடு தனியாகப் போனால்தான் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

போன பதிவில் என் முட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெருந்தொற்றுக் காலத்திலிருந்து விலை ஏறித்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பெயின்ற்றின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு மணந்து பாருங்கள். இருக்கைக்குக் கீழே தரைப்பலகையைத் தட்டிப் பாருங்கள், உக்கியிருந்தால் சத்தமே சொல்லிவிடும். கதவு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் ஏனென்று கேளுங்கள். பிறகு கீழே படுத்து, காரில் கொழுவுகிற முன்சட்டம் உடலோடு சேருகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பை வெல்டிங் செய்து ஒட்டிக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். தரை முழுக்கப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். படங்களை இன்பாக்ஸில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். நல்ல வண்டி என்றால் உங்களை முந்திக்கொண்டு நானே வாங்கிவிடுவேன் என்று மனைவி எச்சரிக்கச் சொல்கிறார்.