தூக்கு, திருப்பு, இழு

நேற்று மதியம் இரண்டரை மணிக்கு, என் வீட்டு வாசலில், என் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு 40 நிமிடம் நின்றேன். வெயில் 45 டிகிரி. பையில் பால், தயிர், ஒரு கிலோ கத்தரிக்காய். கத்தரிக்காய் பையிலேயே சுட்ட பக்குவத்துக்கு வந்திருக்கும், துவையல் அரைப்பதுதான் பாக்கி.

தேக்குக் கதவு இருந்த வாசல் ஐயா இது. டில்லி மயூர் விஹாரில் வீடு வாங்கியபோது கூடவே வந்த கதவு மட்டம் என்று, அப்பா கீர்த்தி நகர் மரக்கடைகளில் அலைந்து பலகையைத் தட்டிப் பார்த்து வாங்கிச் செய்த கதவு. 35 வருஷம் நின்றது. மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். தோளால் ஒரு இடி கொடுத்தால் திறக்கும். ஜூலையில் தச்சர் வந்து ஓரத்தில் இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்து, டீ குடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் அதன் நோய், அவ்வளவுதான் வைத்தியம். நிலையின் காலில் கறையான் ஏறியது வாஸ்தவம். அந்த ஒரு சாண் உயரத்தை வெட்டிவிட்டு வேறு மரம் ஒட்டியிருக்கலாம். தச்சர் சொல்லத்தான் செய்தார். நான் கேட்டால்தானே? 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற இரண்டு வார்த்தையில் விழுந்து, புதுக் கதவு வாங்கக் கிளம்பிவிட்டேன்.

கடையில் அம்மா சரியாகத்தான் கேட்டாள். "இதை பாத்ரூமுக்குத்தானே போடுவா?" சேல்ஸ் பையன் முகம் செத்துவிட்டது. "பிளாஸ்டிக் நஹீ ஹை மாதாஜி, யூபிவிசி ஹை!" ஏதோ யூ என்றால் உயர்ந்த ஜாதி என்பது போல. நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அந்த 'யூ' என்பது அன்பிளாஸ்டிசைஸ்டு. பிவிசியை வளைந்து கொடுக்க வைக்கும் மென்மையாக்கியைச் சேர்க்கவில்லை, அதனால் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்க்குப் பெரியப்பா பிள்ளை. வெங்காயம் போடாத சாம்பார் சாம்பார் இல்லை என்று ஆகிவிடுமா?

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், மூடுபனியில் வந்து மாட்டினார்கள். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். சின்னச் சத்தம் கூட இல்லாமல் மூடியது. மாவிலைத் தோரணம் கட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, துளை போட்டால் வாரண்டி போய்விடுமாம். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டினோம். பொங்கல் அன்று காலை பால் பொங்கும்போது தோரணம் மொத்தமாகக் கோலத்தின் மேல் விழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

இப்போது நேற்றைய கதை. இந்தக் கதவில் தாழ்ப்பாள், நாதாங்கி எதுவும் கிடையாது. கைப்பிடியை மேலே தூக்கினால் விளிம்பு நெடுக நாலைந்து கொக்கி வெளியே வந்து சட்டத்தில் கவ்வும். அப்புறம் சாவி. திறக்க முதலில் சாவி, பிறகு கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். உள்பக்கம் சாவியை விட்டு வைத்திருந்தால் வெளிச்சாவி நுழையவே நுழையாது. அதுதான் பாதுகாப்பாம். யாரிடமிருந்து?

"அம்மா, சாவியை உள்ளயே விட்டுட்டியா?"

"பத்திரமா அதுலேயே வெச்சிருக்கேன்டா."

"அதை எடு."

"எடுத்தா நான் எப்படித் திறக்கறது?"

நியாயமான கேள்வி. "சரி, எடுக்காதே. இடது பக்கம் திருப்பு."

"உன் இடதா, என் இடதா?"

"உன் இடது."

"திரும்பலை."

"கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிண்டு திருப்பு."

"தூக்கினா பூட்டும்னு நீதானே சொன்னே?"

"இப்போ திறக்கறதுக்காகத் தூக்கறோம்மா."

உள்ளே ஒரு நிமிடம் மௌனம். பிறகு, "உங்கப்பா கதவுல இதெல்லாம் கிடையாது."

இதற்குள் எதிர் வீட்டு சர்தார்ஜி பனியனோடு வந்து நின்று "ஜோர் ஸே, மாதாஜி!" என்று ஊக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியிலிருந்து தள்ள, அம்மா உள்ளிருந்து இழுக்க வேண்டும். அம்மாவும் தள்ளினாள். இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு இருவரும் சேர்ந்து பாற்கடலைக் கடைந்தோம். கதவுக்கு மூச்சு கூட வாங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், மரம் ஈரத்துக்கு ஊதும், இது சூட்டுக்கு நீளும். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஏழடிக் கதவு, ஜனவரிக் குளிருக்கும் இந்த வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 6 மில்லிமீட்டர் பக்கம் வரும். நான் ஆசைப்பட்டு எடுத்ததோ வால்நட் நிறம். அடர்ந்த நிறம் வெள்ளையைவிடச் சூட்டை அதிகம் குடிக்கும். மேற்குப் பார்த்த வாசல், உள்ளே ஏசி. வெளித்தோல் நீள, உள்தோல் நீளாமல் நிற்க, கதவு வில்லாக வளைந்து எல்லாக் கொக்கியையும் இறுக்கிக்கொள்கிறது. அந்த சேல்ஸ் பையன் இதில் ஒரு வார்த்தை சொன்னானா? தச்சர் சொன்ன மாதிரி ஓரத்தை இழைக்கவும் முடியாது. உள்ளே வெறும் அறை அறையாகப் பொந்து, நடுவில் இரும்புச் சட்டம்.

கடைசியில் சர்தார்ஜிதான் கூலருக்குத் தண்ணீர் விடும் பைப்பை இழுத்து வந்தார். தலையிலிருந்து கால் வரை கதவுக்கு அபிஷேகம். கால் மணி நேரம். டக்கென்று உள்ளே சாவி திரும்பியது. நல்ல வேலைப்பாடுள்ள முன்கதவை வாங்கி, குளிப்பாட்டித் திறக்கிறேன்.

கடைக்குப் போன் போட்டேன். "கர்மீ மே ஹோதா ஹை சார்." வெயிலில் அப்படி ஆகுமாம். டில்லியில் கதவு விற்கிறவன் சொல்கிறான்! கீலைச் சரிசெய்ய ஆள் வருவானாம், ஆறு முகம் கொண்ட ஒரு சாவி இருக்கிறதாம், அதை அவன் மட்டும்தான் கொண்டு வருவானாம். ஆறுமுகம் என்றால் இங்கே மலை மந்திர் கோவிலிலிருந்து முருகனே மயிலேறி வந்தால்தான் உண்டு. 'ரஸ்தே மே ஹூன்', வந்துகொண்டே இருக்கிறேன் என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டான்.

இன்று சாயங்காலம் இஸ்திரித் துணி வாங்கப் போனேன். நம் பிளாக் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கிறவர் புது மேஜை போட்டிருந்தார். செங்கல் அடுக்கி, மேலே பலகை, அதன்மேல் கம்பளி. கம்பளி விலகிய மூலையில் அப்பா பித்தளை ஆணியால் அடித்த வீட்டு எண். ஜனவரியில் மாட்ட வந்தவர்கள் "கபாட்", பழைய சாமான் என்று சொல்லி இலவசமாகத் தூக்கிப் போனார்களே, அதே கதவு. 200 ரூபாய்க்குக் கொடுத்தார்களாம். "பஹுத் மஜ்பூத் லக்டீ ஹை சாப்", ரொம்ப உறுதியான மரம் என்று என்னிடமே தட்டிக் காட்டுகிறார்.

இதைச் சொல்லிக்கொண்டே துணிக்கு 7 ரூபாயை 8 ஆக்கிவிட்டார். மேஜை நல்லது போட்டிருக்கிறாராம். என் வெள்ளைச் சட்டையின் காலரில் பழுப்பாக ஒரு தீற்றல் வேறு, அதைக் கேட்டால் மேலே பார்த்து வேப்பிலையைக் காட்டுகிறார்.