தாமதத்துக்கு இடம் கொடுக்காத நீதிபதி எல்பர்ட் டட்டில்

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்ததை அறிந்தவர்கள் பலர். ஆனால் அதை எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று அந்த நீதிமன்றம் அடுத்த ஆண்டிலும் கெடு விதிக்கவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென் மாநிலங்கள் அந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. அதை அடைத்தவர்களில் முதன்மையானவராக நான் மதிப்பவர், ஆறு தென் மாநிலங்களை உள்ளடக்கிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1960 முதல் 1967 வரை தலைமை வகித்த எல்பர்ட் டட்டில்.

1897இல் கலிபோர்னியாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த அவர், அட்லாண்டாவில் வழக்கறிஞரானார். கள்ள நோட்டு வழக்கில் வழக்கறிஞர் துணையின்றித் தண்டிக்கப்பட்ட ஒருவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் ஏழைக்கும் வழக்கறிஞர் உதவி உண்டு என்ற 1938ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர் அவரே. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய அவரை, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ஐசனோவர் 1954இல் நீதிபதியாக நியமித்தார்.

1961 ஜனவரியில் சார்லெய்ன் ஹண்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற இரு கறுப்பின மாணவர்களை ஜார்ஜியா பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்ட மாவட்ட நீதிபதி, மேல்முறையீட்டுக்கு வழிவிட்டு 9ஆம் தேதி தம் உத்தரவையே நிறுத்திவைத்தார். அன்று பிற்பகலே டட்டில் அந்தத் தடையை நீக்கினார். இருவரும் அன்றே பதிவு செய்துகொண்டனர். சேர்க்கைப் பருவம் கடந்தபின் கிடைக்கும் வெற்றி, மாணவருக்கு ஓராண்டை இழந்தபின் கிடைக்கும் காகிதம் மட்டுமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் இனப் பிரிவினைக்கு எதிராக ஊர்வலம் சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கல்வி வாரியம் தண்டித்துப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. கல்வியாண்டு முடியும் தறுவாயில் இருந்தது. மாவட்ட நீதிபதி தலையிட மறுத்த அன்றே வழக்கறிஞர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அட்லாண்டாவுக்கு விரைந்து டட்டிலிடம் முறையிட, மாணவர்களைத் திரும்பச் சேர்க்குமாறு அவர் அன்று மாலையே உத்தரவிட்டார்.

தமக்கு இசைவான நீதிபதிகளைக் கொண்டே இன வழக்குகளுக்கான அமர்வுகளை அமைக்கிறார் என்று சக நீதிபதி பென் கேமரன் அவர்மீது வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய புகார் அன்று. அமர்வு அமைக்கும் அதிகாரம் ஒருவர் கையில் குவிவது எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குரியதே. ஆயினும் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை மிசிசிப்பி பல்கலைக்கழகம் சேர்க்க வேண்டும் என்ற ஆணையை, தாம் அமராத அமர்வு பிறப்பித்திருந்தும், அடுத்தடுத்துத் தடை உத்தரவுகளால் முடக்க முயன்றவர் இதே கேமரன்தான். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் தலையிட்ட பிறகே அது ஓய்ந்தது. அந்தச் சூழலில் வழக்கமான வேகத்தில் நடந்துகொண்டிருந்தால், டட்டில் நடுநிலை காத்தவராக அல்ல, இழுத்தடித்தவர்களுக்குத் துணைபோனவராகவே இருந்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.