கணக்குக் கேட்டது எப்படிக் குற்றமாயிற்று?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் வார்டு கிராம சபையில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. மூன்று நாட்களாக அந்தக் காணொலி எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. எங்கள் வார்டு அக்கா ஒருவர் எழுந்து கேட்டது இரண்டே விஷயம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க நர்ஸை வீட்டுக்கு அழைத்துவரும் பாலியேட்டிவ் வண்டி மாதத்தில் எத்தனை நாள் ஓடியது, வார்டு சுகாதாரக் குழுவின் பணம் எதற்குச் செலவானது. மேடையிலிருந்து வந்த பதில், "மருந்துதான் கிடைக்கிறதே, கணக்கு எதற்கு? எப்படியும் நீங்கள் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குத்தானே போவீர்கள்" என்பது. சிலர் சிரித்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கணக்குக் கேட்பது சண்டை இழுப்பது ஆகாது. கிராம சபை கூட்டப்படுவதே அதற்காகத்தான். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையமும் துணை மையங்களும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. 1996இல், உள்ளாட்சிகளே திட்டம் தீட்டிச் செலவிடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. டாக்டரின் சம்பளம் திருவனந்தபுரத்திலிருந்து வரலாம். ஆனால் இன்று குடும்ப ஆரோக்கிய மையம் என்று அழைக்கப்படும் அந்த நிலையத்தில் மாலை ஓ.பி.க்கு, அதாவது புறநோயாளிப் பிரிவுக்கு, கூடுதல் டாக்டரை அமர்த்துவதும், வாங்கிய மருந்து தீர்ந்துபோனால் திட்ட நிதியிலிருந்து மேலும் வாங்குவதும் பஞ்சாயத்து. ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் கமிட்டிக்குத் தலைவர் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட். அப்படியானால் அந்த ஆஸ்பத்திரி நம்முடையது. நம்முடையதன் கணக்கை நாம் கேட்காமல் யார் கேட்பது?

அப்பா பதினான்கு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். மூத்திரக் குழாய் மாற்றுவதற்கும் முதுகுப்புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் பாலியேட்டிவ் நர்ஸும், ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளரும் பஞ்சாயத்து வண்டியில் வீட்டுக்கே வருவார்கள். 2008இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்த மாநிலம் இது. அதன் பலனை எங்கள் வீட்டுத் திண்ணையில் அனுபவித்தவன் நான், அந்த நர்ஸின் கையை இன்றும் கும்பிடுவேன். ஆனால் ஒரு ஏப்ரல் மாதம் வண்டி வரவில்லை. மே மாதமும் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டு அப்பா இரவெல்லாம் முனகினார். நர்ஸ் வர மறுக்கவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு வர வண்டி இல்லை. அடுத்த கிராம சபையில் நான் எழுந்து கேட்டேன். அப்போதிருந்த வார்டு மெம்பர் மறைக்காமல் சொன்னார்: மார்ச்சோடு பழைய திட்டம் முடிந்துவிட்டது, புதிய திட்டத்துக்கு மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் இன்னும் வரவில்லை, ஆகவே வாடகை வண்டிக்குப் பணம் கொடுக்க வழியில்லை. சபையில் இருந்தவர்கள் பேசினார்கள், சொந்த நிதியிலிருந்து தற்காலிகமாக ஏற்பாடு செய்யலாம் என்று தீர்மானம் எழுதினார்கள், பத்து நாளில் வண்டி வந்தது. ஒரு கேள்விதான் அந்த வண்டியைக் கொண்டுவந்தது. யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அதே கேள்வியைத்தான் அக்காவும் கேட்டார்.

நேற்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார், "வருடந்தோறும் ஆடிட் நடக்கிறதே, அது போதாதா" என்று. மாநில ஆடிட் துறை வவுச்சரையும் ரசீதையும் சரிபார்க்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் வண்டி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பது வவுச்சரில் இருக்காது. அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும். இன்னொருவர், "இது கட்சி அரசியல்" என்கிறார். அக்கா எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. "நர்ஸுகள் மனம் நோகும்" என்பதற்கு மட்டும் நான் சற்று நின்று யோசித்தேன். அந்தப் பயம் நியாயமானது. குறைந்த சம்பளத்துக்கு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டால் நானே எழுந்து தடுப்பேன். ஆனால் அக்கா நர்ஸைக் கேட்கவில்லை, மேடையைக் கேட்டார்.

வார்டு சுகாதாரக் குழுப் பணத்தைச் சின்னத் தொகை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். தேசிய சுகாதார இயக்கம், மாநிலத்தின் துப்புரவு அமைப்பான சுசித்வ மிஷன், பஞ்சாயத்தின் சொந்த நிதி ஆகியவை சேர்ந்து வரும் அந்தப் பணம் மழைக்கு முந்தைய துப்புரவுக்கும் கொசு ஒழிப்புக்குமானது. மலைக்கு அந்தப்புறம் கொட்டுகிற மழை நம் சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பக்கத்துக்கு அவ்வளவாக வருவதில்லை என்பது நமக்குத் தெரியும். லாரித் தண்ணீரை டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து ஒரு வாரம் வைத்திருக்கிறோம். டெங்குக் கொசுவுக்கு அந்த ஒரு வாரம் போதும். டிரம்முக்கு மூடி இருக்கிறதா, தெருவில் ஆள் வந்து பார்த்தார்களா என்பதுதான் அந்தச் சின்னத் தொகையின் கணக்கு. எங்கள் தெருவுக்கு இந்த வருடம் யாரும் வரவில்லை.

இனி பொள்ளாச்சி. ஆமாம், போகிறோம். அத்தை வீடும் சந்தையும் கோயில் திருவிழாவும் அங்கே இருக்கின்றன, அவசரத்துக்கு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் கோபாலபுரம், வேலந்தாவளம் எல்லைச் சாவடிகளில் வழி அடைபட்டபோது எங்களுக்கு எந்தப் பொள்ளாச்சி இருந்தது? அப்போது மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தது இந்தப் பஞ்சாயத்தின் வார்டுக் குழு, ரத்த அழுத்தம் பார்த்தது இந்த ஆரோக்கிய மையம். எங்கள் வரியும் வாக்கும் இங்கே. எங்கள் பெற்றோரைப் புதைத்ததும் இங்கே. எல்லையில் வீடு இருப்பதனாலேயே எங்கள் கேள்வி பாதிக் கேள்வி ஆகிவிடுமா? பக்கத்துப் பிளாச்சிமடையில் 2002இல் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதைக் கேட்டு கோக்கோ கோலா ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்; மறு வருடம் பெருமாட்டிப் பஞ்சாயத்து அந்தக் கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவர்களையும் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றும் மேடையில் சொன்னார்கள். பார்த்தேன். முழுவதும் மலையாளத்தில் இருக்கிறது. எனக்கு வாசிக்க வரும். அக்காவுக்குப் பேச வரும், வாசிக்க வராது. எங்கள் வார்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்லி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. செலவை ஒரு தாளில் தமிழில் எழுதி ஆரோக்கிய மையத்தின் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சபை கூட வேண்டும், பத்தில் ஒருவராவது வர வேண்டும். அக்காவின் இரண்டு கேள்விகளையும் நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கப் போகிறேன். முதல் கையெழுத்து அக்காவுடையது; நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போய் வாங்கினேன், முதலில் வேண்டாம் என்றார், பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுப் போட்டார். கீழே இடம் விட்டிருக்கிறேன். வியாழன் இரவு வரை தாள் என் வீட்டில் இருக்கும்.