அந்த வடிகட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்

காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து மின்சமிக்ஞையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் பாகங்களை உங்கள் கட்டுரையில் பொறுமையாக விளக்கியிருக்கிறீர்கள், நன்றி. சர்க்யூட் போர்டு, டிஸ்ப்ளே, 4-20 மில்லி ஆம்பியர் அவுட்புட் (பூஜ்யத்துக்கு 4, முழு அளவுக்கு 20) எல்லாம் சரி. ஆனால் சென்சாரின் வாயில் இருக்கும் உலோக வடிகட்டியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. வாயு உள்ளே போக அது ஒன்றுதான் வழி.

நான் பராமரிப்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் மாதக்கணக்கில் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருந்தது. 4 மில்லி ஆம்பியர் ஆடாமல் அசையாமல் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சோதனைக்காக, அளவு தெரிந்த காலிபரேஷன் வாயுவைக் கொடுத்தபோதும் எண் நகரவில்லை. கழற்றிப் பார்த்தால், பக்கத்துக் குழாய்க்குப் பெயின்ட் அடித்தவர் வடிகட்டி மேலேயும் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். நுண்துளைகள் அத்தனையும் சாம்பல் நிறத்தில் அடைபட்டுக் கிடந்தன. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. மணமும் நிறமும் இல்லாத வாயு, அந்தக் கருவியை நம்பித்தானே அங்கே ஆட்கள் வேலை செய்தார்கள்?

வயர் அறுந்தால் கரன்ட் 4-க்குக் கீழே இறங்கி காட்டிக்கொடுத்துவிடும். அடைப்பு அப்படி இல்லை. சென்சாரில் உள்ள மின்வேதியியல் செல்லுக்குள் வாயு போய், மின்முனையில் ஆக்சிஜனேற்றம் நடந்தால்தான் கரன்டே பிறக்கும், அதுவும் மிகச் சிறிய அளவில். வாயு நுழையாவிட்டால் சுத்தமான காற்று என்றே கருவி நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், இந்த செல்கள் ஹைட்ரஜனையும் ஓரளவு கார்பன் மோனாக்சைடாகவே காட்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் பேட்டரி அறைகளில் வைப்பவர்களுக்காக அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.