பாட்டியின் கையில் இருப்பது யார் பெயர்?

"டாட்டூ எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளோட கூத்து" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எண்பது வயது தாண்டிய கிராமத்துப் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? முன்கையில் புள்ளிக்கோலம், புறங்கையில் தேள், நெற்றியில் பொட்டு. பலர் கையில் ஒரு பெயரும் இருக்கும்.

என் அப்பத்தாவின் இடது முன்கையில் இருந்தது அவருடைய அண்ணன் பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். போட்டோ இல்லை, சாவுச் செய்தி இல்லை, கருமாதியும் செய்யவில்லை. பச்சை குத்த வந்த குறத்தியிடம் அப்பத்தா கையை நீட்டியிருக்கிறார். குத்தியவருக்கும் எழுத்து தெரியாது, குத்திக்கொண்டவருக்கும் தெரியாது. யாரோ மண்ணில் எழுதிக் காட்டியதைப் பார்த்துக் குத்தியதில் ஒரு எழுத்தில் சுழி ஒன்று குறைந்துவிட்டது. "செத்தா கூட வர்றது இது மட்டும்தான்டா" என்பார்.

அன்றைக்கு மெஷின் ஏது? விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கக் குத்துகிறவரே பாட்டுப் பாடுவார். அந்தக் கரி எப்படி இத்தனை வருடம் நிற்கிறது என்பதற்கு 2018-இல் பிரான்ஸின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து விளக்கம் சொன்னார்கள். தோலில் இருக்கும் பாதுகாப்பு செல்கள் நிறத்தை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த செல் செத்தால் நிறம் வெளியே வரும், உடனே பக்கத்தில் புதிதாக வரும் செல் அதை எடுத்துக்கொள்ளும். இதைப் படித்தபோது அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

நிலப் பத்திரத்திலும் ரேஷன் கார்டிலும் ஆண்கள் பெயரே முன்னால் நின்ற காலம். தனக்கு வேண்டியவர் பெயரைத் தானே முடிவுசெய்து அந்தப் பெண்கள் எழுத முடிந்த இடம் சொந்தத் தோல்தான். கணவன் பெயரை, ஊர் வழக்கத்துக்காகக் குத்திக்கொண்டவர்களும் நிறைய உண்டு. எல்லாமே விருப்பம் என்று சொல்ல மாட்டேன்.

2021 கொரோனாவில் அப்பாவை இழந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். பழைய செக்கில் இருந்த அப்பாவின் கையெழுத்தை அப்படியே மணிக்கட்டில் குத்தியிருக்கிறான். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய ஆயுதப் படைகளின் ஆளெடுப்பு விதிகளே இடது முன்கையின் உட்புறத்தில் சிறிய அளவில் பெயர் குத்தியிருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. நமக்கு மட்டும் ஏன் இத்தனை கறார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்த வயதில் குத்தியது, யார் குத்தியது, கூலி காசா நெல்லா, அந்தப் பெயர் யாருடையது என்று கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், குத்தும்போது கேட்ட பாட்டு ஞாபகம் இருந்தால் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.