அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருமா?

“அரசு, துளசி, பாம்புக் கற்றாழை ஆகிய மூன்றும் 24 மணி நேரமும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன” என்று வாட்ஸ்அப்பில் மீண்டும் மீண்டும் வலம்வரும் செய்தி தவறானது.

இலை வெளியிடும் ஆக்சிஜன், பலரும் எண்ணுவதுபோல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்து வருவதன்று. பச்சையம் ஈர்த்துக்கொண்ட ஒளியின் ஆற்றலால் நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது வெளியேறுவது. ஆக்சிஜன்-18 என்னும் ஐசோடோப்பு (சற்றுக் கனமான ஆக்சிஜன் வகை) கலந்த நீரைப் பாசிகளுக்குக் கொடுத்து, ரூபன், கேமன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1941-இல் இதைக் காட்டினர். ஆகவே ஒளி இல்லாதபோது, மரம் எவ்வளவு புனிதமானதாக இருப்பினும், அதிலிருந்து ஆக்சிஜன் பிறக்க வழியில்லை.

இந்த வதந்திக்கு ஒரு வேர் உண்டு. பாம்புக் கற்றாழை, கள்ளி, அன்னாசி போன்றவை நீரிழப்பைத் தவிர்ப்பதற்காகப் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிவைத்து, இரவில் அவற்றைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி, மாலிக் அமிலமாகச் செல்களுக்குள் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன. இரவில் நடப்பது இந்தச் சேமிப்பு மட்டுமே. அதை ஆக்சிஜன் வெளியீடு என்று யாரோ மாற்றிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். துளசியிலோ இந்த வழிமுறையே கிடையாது.

உண்மையில், இரவு பகல் பாராமல் எல்லாத் தாவரங்களும் செய்வது சுவாசம்தான்: நம்மைப் போலவே அவையும் சர்க்கரையை ஆக்சிஜனால் சிதைத்து ஆற்றலைப் பெற்று, கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. இதைக் காட்டி, இரவில் மரத்தடியில் உறங்கினால் மூச்சு முட்டும் என அச்சுறுத்துவதும் பிழையே. படுக்கையறைத் தொட்டிச்செடி விடும் கார்பன் டை ஆக்சைடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ வெளியிடும் மனிதர் அருகில் உறங்கும்போது, கணக்கில் கொள்ளத்தக்கதே அன்று.